பாட்டாக்க வெள்ளி பாக்கெட் வாட்ச் கைல கெடச்சா என்ன செய்யணும், என்ன செய்யவே கூடாது

மொதல்லயே ஒண்ணு சொல்லிடுறேன், தொடைக்காதீங்க. பழைய டிரங்கு பெட்டிய தொறந்து கறுத்துப்போன வெள்ளி வாட்ச் ஒண்ணு கெடச்ச உடனே நம்ம ஆளுங்களுக்கு கை பரபரன்னு வரும், திருநீறு எடுத்து தேய்ப்பாங்க, இல்லன்னா பல் பேஸ்ட், புளி, பாத்திரம் வெளக்குற பவுடர்னு எதையாவது போட்டு பளபளன்னு ஆக்கி வாட்ஸ்அப்ல போட்டோ போட்ட பெறவுதான் மத்த வேலை. நானும் அதத்தான் செஞ்சேன், அதுவும் என் கையால இல்ல, காசு குடுத்து செஞ்சேன். அந்த கதைய சொன்னாதான் மீதி சொல்றதெல்லாம் எதுக்குன்னு புரியும்.

எனக்க அம்மைக்க அப்பாவ நாங்க பாட்டான்னு கூப்பிடுவோம். தக்கலை பக்கத்துல அவருக்க பழைய ஓட்டு வீட்ட பொளிக்கும்போது பரண்ல இருந்து ஒரு தகரப்பெட்டி எறங்குச்சு. உள்ள கொஞ்சம் பத்திரம், நாலஞ்சு திருவிதாங்கூர் சக்கரம் (28 சக்கரம் சேந்தா ஒரு ரூபா, அந்த காசு), துணில சுத்தி ஒரு பாக்கெட் வாட்ச். வீட்டுல எல்லாரும் சின்ன வயசுல இருந்தே கேட்ட கதை, பர்மா சண்டைல ஒரு வெள்ளக்கார ஆபீசர் சாகக் கெடக்கும்போது பாட்டா கைல கழட்டிக் குடுத்த வாட்ச்னு. கதை கேக்க கொள்ளாம். நான் அத எடுத்துட்டு போயி நாகர்கோவில்ல ஒரு வெள்ளி கடைல பாலிஷ் போட குடுத்தேன். உள்மூடில மூணு வரி ஏதோ எழுதியிருந்தது எனக்கு தெரியும், மங்கலா இருந்துச்சு, பாலிஷ் போட்டா தெளிவா தெரியும்னு ஒரு புத்திசாலித்தனம் வேற. மறுநாள் வாங்கப்போனா கண்ணாடி மாதிரி ஜொலிக்குது, மேல்வரி சுத்தமா காணல. பஃப் வீல்ல புடிச்சு தேச்சா நூறு வருஷத்து மெல்லிசு எழுத்து எங்க நிக்கும்? கீழ மிச்சம் இருந்தது ‘எஸ் & எம்’, அதுக்கு கீழ ‘1094 மே’. அவ்வளவுதான். கடைக்காரர குத்தம் சொல்ல முடியாது, பாலிஷ் கேட்டேன், பாலிஷ் போட்டு குடுத்தாரு.

அதனால மக்கா, கைல கெடச்ச அன்னைக்கு செய்ய வேண்டிய வேலை போட்டோ எடுக்குறது மட்டும்தான். நேரா ஃபிளாஷ் அடிச்சா எழுத்து தெரியாது, வெள்ளி மொத்தமும் வெளிச்சத்துல வெளுத்துப்போகும். ரூம் லைட்ட அணைச்சிட்டு இன்னொரு போன் டார்ச்ச பக்கவாட்டுல, கிட்டத்தட்ட மேசையோட மட்டத்துல படுக்க வச்சு புடிங்க, எழுத்தோட பள்ளத்துல நெழல் விழும், கண்ணுக்கு தெரியாத கீறல் கூட போட்டோல எந்திரிச்சு வரும். டார்ச்ச நாலு பக்கமும் பைய சுத்தி நாலு போட்டோ எடுத்துக்கங்க. வெளிமூடி, உள்மூடி, டயல், பக்கவாட்டு விளிம்பு, மேல இருக்குற வளையம், செயின் இருந்தா அதோட கொக்கி வரைக்கும் எல்லாத்துலயும் முத்திரை ஒளிஞ்சிருக்கும்.

தொறக்குறதுதான் அடுத்த கஷ்டம். கத்தி, ஸ்குரூ டிரைவர், அருவாமணை எதையும் கிட்ட கொண்டு வராதீங்க. கேஸ், அதாவது வாட்ச்சோட வெளிக்கூடு, அதோட விளிம்ப நகத்தால தடவிட்டே வந்தா ஒரு எடத்துல சின்னதா உதடு மாதிரி தூக்கியிருக்கும், இல்லன்னா நகம் நுழையுற அளவு ஒரு பள்ளம் இருக்கும், அங்கதான் தொறப்பு. நகம் போதலன்னா பழைய ஏடிஎம் கார்ட முக்கோணமா வெட்டி அத நுழைச்சு பைய நெம்புங்க. எதிர்பக்கம் கீல் இருக்கும், அது தேஞ்சுபோயிருக்கும், அதனால முழுசா வளைக்காதீங்க. வெளிமூடி தொறந்தா உள்ள இன்னொரு மூடி வரும், தூசி போகாம இருக்க, நம்ம வாட்ச்ல எழுத்து இருந்தது அதுலதான். உதடும் இல்ல பள்ளமும் இல்லன்னா அது திருகு மூடியா இருக்கலாம், ரப்பர் கிளவுஸ் போட்டு உள்ளங்கைய அமுக்கி இடப்பக்கமா திருப்பிப் பாருங்க. பழைய இங்கிலீஷ் சாவி வாட்ச்சுங்கள்ல பின்னாடி தொறந்தா சாவி ஓட்டை மட்டும்தான் தெரியும், மெஷின் பாக்கணும்னா முன்கண்ணாடிய தொறந்து டயலுக்கு கீழ 6 மணி கிட்ட இருக்குற குட்டி கொக்கிய தள்ளணும், மெஷின் மொத்தமா கீல்ல திரும்பி வெளிய வரும். இது தெரியாம பின்பக்கத்த நெம்பி கேஸ நாசம் பண்ணினவங்க உண்டு.

டயலுக்கு மேலயும் வெள்ளி மூடி இருக்குற வாட்ச்சுக்கு ஹண்டர்னு பேரு. மூடும்போது படக்குனு சத்தம் வர மூடுறது சினிமால பாக்க நல்லாருக்கும், ஆனா ஒவ்வொரு தடவையும் அந்த கொக்கியும் வெள்ளி விளிம்பும் கொஞ்சம் கொஞ்சமா தேயும். மேல இருக்குற பட்டன அமுக்கி புடிச்சிட்டே மூடியப் பொருத்தி, பெறவு பட்டன விடுங்க. மெஷின விரலால தொடாதீங்க, வேர்வை உப்பு பட்டா எஃகுல ரேகை ரேகையா துரு ஏறும். தூசி இருக்குன்னு வாயால ஊதவும் கூடாது, எச்சில் தெறிக்கும்.

செரி, இப்ப படிக்குறது. மூடியோட உள்பக்கம் எறும்பு சைஸ்ல முத்திரைங்க இருக்கும், பத்து மடங்கு லென்ஸ் ஒண்ணு வாங்கிக்கங்க, நகைக்கடைக்காரங்க வைக்குறது. இங்கிலாந்துல செஞ்ச வெள்ளி கேஸ்னா ஒரு சிங்கம் பக்கவாட்டுல ஒரு கால தூக்கி நடக்கும், அது 92.5 சதவீதம் வெள்ளின்னு அர்த்தம். பக்கத்துல ஊர் முத்திரை, நங்கூரம்னா பர்மிங்காம், சிறுத்தை மூஞ்சின்னா லண்டன், மூணு கோதுமை கட்டும் வாளும்னா செஸ்டர். கடைசில ஒரே ஒரு எழுத்து, அதுதான் வருஷம். ஒவ்வொரு ஊருக்கும் எழுத்து வரிசை வேற, எழுத்தோட வடிவமும் சுத்தி இருக்குற கட்டத்தோட வடிவமும் மாறும், அதனால ஊர் எதுன்னு மொதல்ல பாத்துட்டு அந்த ஊர் அட்டவணைலதான் தேடணும், இல்லன்னா இருபத்தஞ்சு வருஷம் தப்பும். நம்ம வாட்ச்ல நங்கூரம், எழுத்து 1916ன்னு வந்துச்சு. இத மறந்துராதீங்க, பின்னாடி வேணும்.

ஸ்விட்சர்லாந்து கேஸ்ல சிங்கம் இருக்காது, 0.800 (அதாவது 80 சதவீதம் வெள்ளி) கூட ஒரு காட்டுக்கோழி படம், 0.875ன்னா கரடி, 0.935ன்னா சில நேரம் மூணு கரடி இருக்கும். 1907 ஜூன்ல இருந்து வெளிநாட்டு வாட்ச் கேஸ் பிரிட்டன் உள்ள விக்கணும்னா அங்கயே சோதிச்சு இறக்குமதி முத்திரை அடிக்கணும்னு சட்டம் வந்துச்சு, அதனால ஸ்விஸ் மெஷின், ஆனா கேஸ்ல பிரிட்டிஷ் முத்திரைன்னு பாத்து குழம்ப வேண்டாம், பெரும்பாலும் அந்த சட்டத்துக்கு பெறவு வந்த வாட்ச்சா இருக்கும். ஒண்ணுமே இல்லாம ‘நிக்கல் சில்வர்’, ‘ஆல்பக்கா’, ‘சில்வராய்டு’ன்னு எழுதியிருந்தா வெள்ளி ஒரு பொட்டு கூட கெடையாது, நம்ம ஊர்ல ஜெர்மன் சில்வர்னு சொல்ற அதே செம்பு, நிக்கல், துத்தநாக கலவை. மனசு ஒடைய வேண்டாம், மிலிட்டரி வாட்ச்சா இருந்தா அதுதான் நல்ல சேதி, ஏன்னு சொல்றேன்.

நெறய பேருக்கு இங்கதான் தப்பு நடக்குது. ராணுவமே குடுத்த வாட்ச் வேற, ராணுவத்துல இருந்தவன் வச்சிருந்த வாட்ச் வேற. பிரிட்டிஷ் சர்க்கார் சிப்பாய்க்கு வெள்ளி வாட்ச் வாங்கி குடுக்குற அளவுக்கு தாராளம் கெடையாது. சர்க்கார் சொத்துன்னா கேஸ்லயோ டயல்லயோ ஒரு அம்புக்குறி இருக்கும், கோழி நடந்த தடம் மாதிரி மூணு கோடு. மொத உலகப்போர்ல விமானப்படைக்கு குடுத்ததுல ‘மார்க் ஃபைவ்’னு டயல்லயே இருக்கும், ரெண்டாம் உலகப்போர்ல குடுத்ததுல பின்மூடில அம்புக்குறி, ‘ஜி.எஸ்.டி.பி’ங்கற எழுத்து, ஒரு நம்பர் இருக்கும். இதெல்லாம் நிக்கல், இல்லன்னா குரோம் முலாம் பூசின பித்தளை. ஆக அம்புக்குறியும் இருக்கு, முழு வெள்ளியும் இருக்குன்னா கொஞ்சம் சந்தேகப்படுங்க, அம்பு பின்னாடி அடிச்சதா இருக்கலாம்.

வெள்ளி வாட்ச் ராணுவத்துக்குள்ள வந்தது வேற வழிலதான். சம்பளத்துல சேத்து வச்சு அவனவன் வாங்கினது ஒண்ணு. பம்பாய்ல 1886ல ஆரம்பிச்ச வெஸ்ட் எண்ட் வாட்ச் கம்பெனி ‘சவார்’னு ஒரு பேர்லயே வித்தாங்க, சவார்னா குதிரைப்படை சிப்பாய், யாருக்கு விக்குறாங்கன்னு பேரே சொல்லுது பாருங்க. மெட்ராஸ்ல மவுண்ட் ரோடு பி. ஓர் அண்ட் சன்ஸ் பேரு போட்ட டயலும் நம்ம பக்கம் வீடுகள்ல வரலாம். இன்னொண்ணு பரிசா வந்தது, துப்பாக்கி சுடுற போட்டி, ரிட்டயர்மெண்ட், கூட வேலை பாத்தவங்க காசு போட்டு குடுத்தது, இதுலதான் பேரும் படைப்பிரிவும் செதுக்கியிருக்கும். மூணாவது போன எடத்துல வாங்கினது, இல்ல எடுத்தது. மெசபடோமியாவுக்கு (இப்ப இராக்) 1914 முதல் நம்ம ராணுவம்தான் போச்சு, துருக்கி சந்தைக்குன்னே ஸ்விஸ்காரன் செஞ்சு அனுப்புன வாட்ச்சுங்கள்ல டயல் எண்ணெல்லாம் அரபு எண்ணா இருக்கும், அந்த மாதிரி ஒண்ணு கெடச்சா படிக்க தெரியலன்னு ஓரமா போடாதீங்க, குளச்சல்லயோ திருவிதாங்கோட்டுலயோ அரபு படிச்ச பெரியவர் ஒருத்தர்ட்ட காட்டுங்க, ரெண்டு நிமிஷத்துல எண்ண சொல்லிடுவாரு.

எழுத்து சுருக்கங்கள படிக்கும்போது கடை பேருன்னு முடிவு பண்ணிடாதீங்க. நாங்க ‘எஸ் & எம்’ ஏதோ லண்டன் கம்பெனின்னு ரெண்டு மாசம் தேடிட்டு கெடந்தோம். கடைசில ரிட்டயர்டு மிலிட்டரி மாமா ஒருத்தர் போட்டோவ பாத்த உடனே “லே, இது சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ்லா”ன்னு சிரிச்சாரு. பெங்களூர்ல இருந்த மெட்ராஸ் சாப்பர்ஸ், பாலம் கட்டுறது, ரோடு போடுறது, பதுங்குகுழி வெட்டுறது எல்லாம் அவங்க வேலை, இப்ப மெட்ராஸ் எஞ்சினியர் குரூப்னு பேரு. மேல அழிஞ்சுபோன வரில நம்பரும் பேரும் இருந்திருக்கும், அத நெனச்சா இன்னும் வயிறு எரியும். இதே மாதிரி ‘எஸ் & டி’ன்னா சப்ளை அண்ட் டிரான்ஸ்போர்ட், ‘ஐ.எம்.எஸ்’னா இந்தியன் மெடிக்கல் சர்வீஸ், ‘ஆர்.எஃப்.ஏ’ன்னா ராயல் ஃபீல்டு ஆர்ட்டிலரி.

அப்ப 1094 மே? பாட்டாக்க ராணுவ நம்பர் 1094, மே மாசம் குடுத்ததுன்னு பெரிய மாமா அடிச்சு சொன்னாரு, நானும் தலையாட்டினேன். ஒரு நாள் அதே பெட்டில இருந்த பத்திரங்கள லேமினேட் பண்ணலாம்னு எடுத்தா (லேமினேட் பண்ணாதீங்க, அது வேற கதை) ஒண்ணுல மேல தேதி போட்டிருக்கு, ‘1094 மேடம் 12’னு. கொல்லம் ஆண்டு, மலையாள வருஷக் கணக்கு! நம்ம கன்னியாகுமரி மாவட்டம் மொதல்ல திருவிதாங்கூர்லயும் பெறவு திருவிதாங்கூர் கொச்சிலயுமா 1956 நவம்பர் 1 வரைக்கும்லா இருந்துச்சு, பழைய பத்திரம் பூரா கொல்லம் ஆண்டுதான், வாட்ச்ல செதுக்கின ஆசாரியும் அத தானே போடுவாரு. மே மாசம் இல்ல, மேடம், அதாவது நம்ம சித்திரை. கணக்கு ஈஸிதான், கொல்லம் ஆண்டோட 825 கூட்டணும், ஆனா ஆவணில வருஷம் பொறக்குறதால ஆவணில இருந்து டிசம்பர் வரைக்கும் உள்ள தேதின்னா 824. மேடம்னா ஏப்ரல் மே, அதனால 1094 + 825, 1919. மொத உலகப்போர் முடிஞ்சு ஆறு மாசம். கேஸ் முத்திரை 1916. பர்மா சண்டை 1942ல. பாட்டா 1919ல நாலு வயசு பய, மூக்கு ஒழுகிட்டு திரிஞ்சிருப்பாரு. வாட்ச் அவருக்க அப்பாக்கது, எங்க பூட்டனுக்கது. பெரிய மாமாவுக்கு இது இன்னும் ஒப்பல, வெள்ளக்கார ஆபீசர் இல்லாத கதைல அவருக்கு சுவாரசியம் இல்ல.

இதுல இருந்து வேலைக்கு ஆகுற விஷயம், நாலு இலக்க எண்ண பாத்தா அவசரப்பட்டு படை நம்பர்னு எழுதி வைக்காதீங்க. 1050ல இருந்து 1130 வரைக்கும் இருந்தா, செதுக்கினது உள்ளூர்னு தோணுனா, கொல்லமா இருக்கலாமான்னு மொதல்ல பாருங்க. அப்புறம் கேஸ் வருஷம், செதுக்கின வருஷம், ஆளோட வயசு, இந்த மூணையும் ஒரு பேப்பர்ல பக்கத்துல பக்கத்துல எழுதிப் பாருங்க, வீட்டுல சொல்ற கதைல பாதி அங்கயே ஒடையும், மீதி பாதி கெட்டியாகும்.

மெஷின்ல உள்ள நம்பர் வேற, கேஸ்ல உள்ள நம்பர் வேற, ரெண்டயும் குறிச்சுக்கங்க. வால்தம், எல்ஜின் மாதிரி அமெரிக்க மெஷினா இருந்தா மெஷின் நம்பர ஆன்லைன்ல போட்டா செஞ்ச வருஷம் வந்துரும், கேஸ் நம்பர போட்டா தப்பா வரும், ஏன்னா அங்க கேஸ் செய்றவன் ஒருத்தன் மெஷின் செய்றவன் ஒருத்தன். இன்னொண்ணு, மூடி உள்பக்கம் ஊசியால கீறின மாதிரி குட்டி குட்டியா எழுத்து இருக்கும், அது ஏதோ கீறல்னு நெனச்சு தேய்ச்சிடாதீங்க, ரிப்பேர் பண்ணினவங்க அவங்க அடையாளத்துக்கு தேதியும் ஜாப் நம்பரும் போட்டது. நம்மதுல மூணு இருந்துச்சு, பாலிஷ்ல தப்பிச்சது ஒண்ணு, 12-8-51. அந்த வருஷம் வரைக்கும் யாரோ ஓட்டிட்டு இருந்திருக்காங்கன்னு அதுலதான் தெரிஞ்சுது.

டூப்ளிகேட் பத்தி ரொம்ப சொல்ல வேண்டாம். கன்னியாகுமரி கடற்கரை பக்கம் கடைங்கள்ல திசைகாட்டி கூட சேத்து தொங்கவிட்டிருப்பாங்களே, ‘விக்டோரியா, லண்டன்’னு பெரிசா போட்டு பித்தளைல, அது அலங்கார சாமான், அழகா இருந்தா வாங்குங்க, மிலிட்டரின்னு சொல்லி காசு கேட்டா வாங்காதீங்க. நெஜ வாட்ச்சுலயே புதுசா படைப்பிரிவு பேர செதுக்கி விக்குறதுதான் ஆபத்து. லென்ஸ்ல பாருங்க, பழைய எழுத்தோட ஓரம் தேஞ்சு மழுங்கியிருக்கும், பள்ளத்துக்குள்ள கறுப்பு படிஞ்சிருக்கும், கேஸ்ல விழுந்த கீறலுங்க எழுத்து மேல ஏறி போயிருக்கும். புது எழுத்து கூரா இருக்கும், பழைய கீறல வெட்டிக்கிட்டு அதுக்கு மேல எழுத்து போகும்.

டயல்ல எண்ணுங்க, முள்ளு மேல பழுப்பு மஞ்சளா, கருகின மாதிரி பெயிண்ட் இருந்தா அங்கயே நிறுத்துங்க. அது ராத்திரி ஒளி விடுற ரேடியம். மொத உலகப்போர் காலத்துல இருந்து 1960கள் வரைக்கும் போட்டாங்க. இப்ப இருட்டுல மின்னாது, அதனால செத்துப்போச்சுன்னு நெனைக்காதீங்க, மின்னுற பொருள்தான் செத்துது, ரேடியம் பாதியா கொறையவே 1600 வருஷம் ஆகும். கண்ணாடி மூடியிருக்கும்போது பெரிய பயம் இல்ல, கண்ணாடிய கழட்டி சொரண்டுறது, ஊதுறது, பிரஷ் போடுறதுதான் ஆபத்து, அந்த தூசி மூச்சுல உள்ள போகக்கூடாது. கண்ணாடி ஒடஞ்சிருந்தா ஜிப் கவர்ல போட்டு வைங்க, புள்ளைங்க கைல குடுக்காதீங்க, தலமாட்டுல வச்சு தூங்காதீங்க, ரிப்பேர் கடைக்கு குடுக்கும்போது ரேடியம் டயல்னு வாய் திறந்து சொல்லிக் குடுங்க, பாவம் அவரு அத மூஞ்சிக்கு நேரா வச்சு வேலை பாக்குற மனுஷன்.

ஓட வைக்கணும்னு ஆசை வரும், வரத்தான் செய்யும். சாவி குடுக்குறதுக்கு முன்னாடி வாட்ச்ச படுக்க வச்சு மட்டமா லேசா வலம் இடம் திருப்பிப் பாருங்க, உள்ள பேலன்ஸ் வீல் (முன்னயும் பின்னயும் ஆடுற சக்கரம்) தாராளமா ஆடணும். ஆடாம முட்டுதுன்னா அச்சு ஒடஞ்சிருக்கும், அந்த காலத்து வாட்ச்சுக்கு அதிர்ச்சி தாங்குற வசதி எல்லாம் கெடையாது, ஒரு தடவ தரைல விழுந்தா போதும். ஆடுதுன்னா நாலஞ்சு சுத்து மட்டும் சாவி குடுத்து பாருங்க. ஓடுனா காதுகிட்ட வச்சு கேட்டு சந்தோஷப்பட்டுட்டு நிக்க விட்டுடுங்க, ரெண்டு நாள் மூணு நாள்னு ஓட்டாதீங்க, எண்ணெய் எல்லாம் காஞ்சு பிசினா ஆகியிருக்கும், காஞ்ச எண்ணெய்ல ஓடுற ஒவ்வொரு மணி நேரமும் அச்சு தேயும். ரொம்ப சாவி குடுத்து ஸ்பிரிங் இறுகிப் போச்சும்பாங்க, அது சும்மா, சாவி முழுசா ஏறி நிக்குது, எண்ணெய் பிசினானதால மெஷின் நகரல, அவ்வளவுதான் விஷயம். நேரம் வைக்க பட்டன இழுத்தா வரலன்னா பலம் போடாதீங்க, பட்டனுக்கு பக்கத்துல ஒரு குட்டி ஊசிமுனை பட்டன் இருக்கும், அத நகத்தால அமுக்கிட்டே திருப்பணும், சில அமெரிக்க வாட்ச்ல கண்ணாடிய தொறந்து ஓரத்துல ஒரு தகடு நெம்பிய இழுக்கணும். முள்ள முன்பக்கமா மட்டும் திருப்புங்க.

ரிப்பேருக்கு கடை தேடும்போது பேட்டரி மாத்துற கடைக்கு போயி ஏமாறாதீங்க. நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கமெல்லாம் கண்ணுல லென்ஸ் மாட்டிக்கிட்டு ஒரு சின்ன கண்ணாடி பெட்டிக்கு பின்னாடி உக்காந்திருக்குற வயசான ஆளு இன்னும் ஒண்ணு ரெண்டு பேர் இருப்பாங்க, விசாரிச்சா சாயா கடைல சொல்லுவாங்க. போன உடனே குடுத்துடாம கொஞ்ச நேரம் பேசுங்க. பார்ட் பார்ட்டா பிரிச்சுதான் கழுவுவீங்களா, இல்ல மெஷின முழுசா பெட்ரோல்ல முக்கி எடுத்து மேல ஒரு சொட்டு எண்ணெய் விடுவீங்களான்னு கேளுங்க, இதுக்கு மொகம் சுளிக்குறவர்ட்ட குடுக்க வேண்டாம், பெருமையா வெளக்குறவர்ட்ட குடுங்க. கேஸ் பாலிஷ் வேண்டாம், டயல் மாத்த வேண்டாம், எடுத்த பழைய பார்ட்ட திருப்பி தரணும், இந்த மூணையும் சீட்டுல எழுதி வாங்குங்க. நான் வாயால சொன்னதோட விட்டேன், ஒடஞ்ச பழைய ஸ்பிரிங் வரவே இல்ல. வந்த பெறவு ஒரு நாளைக்கு ஒண்ணு ரெண்டு நிமிஷம் முன்ன பின்ன ஓடுனா அது நல்ல வாட்ச், போன்ல உள்ள நேரத்தோட போட்டி போட விடாதீங்க.

கறுப்ப என்ன பண்ண? பாதி கறுப்பு இருக்கட்டும்னுதான் நான் சொல்லுவேன், எழுத்து தெரியுறதே அந்த கறுப்பாலதான். ரொம்ப அழுக்குன்னா துவைச்சு பழசான பருத்தி துணில, ஈரமில்லாம, வெளிமூடிய மட்டும் பைய தொடைங்க, அதுக்கு மேல வேண்டாம். அலுமினியம் ஃபாயில், சோடா உப்பு, சுடுதண்ணி வீடியோ பாத்துட்டு மெஷினோட முக்கின புண்ணியவானும் நம்ம ஊர்ல உண்டு.

நம்ம ஊர் காத்துக்கு பத்திரப்படுத்துறதுதான் பெரிய வேலை. ஜூன்ல ஒரு மழை, அக்டோபர்ல இன்னொரு மழை, ரெண்டு பருவமும் நமக்கு உண்டு, கடல்பக்கத்து ஊருன்னா உப்புக்காத்து வேற, கடல விட்டு தள்ளி இருக்குற குலசேகரம் பக்கம் வெள்ளி ஒரு வருஷத்துல கறுக்குறது கடலோர கடியபட்டணத்துல அதவிட சீக்கிரம் கறுக்கும், அதவிட உள்ள எஃகு துரு புடிக்குறதுதான் கவலை. காத்து புகாத டப்பால பருத்தி துணி சுத்தி, சிலிக்கா ஜெல் பாக்கெட் ரெண்டு போட்டு வைங்க, மழை காலத்துக்கு முன்னாடி புது பாக்கெட் மாத்துங்க. ரப்பர் பேண்ட் போடவே கூடாது, அதுல உள்ள கந்தகம் வெள்ளில கோடு கோடா கறுப்பா பதியும், கம்பளி துணியும் அப்படித்தான். பாச்சா உருண்டையும் அதே டப்பால வேண்டாம். பேங்க் லாக்கர்ல வச்சாலும் டப்பாவும் ஜெல்லும் வேணும், லாக்கர்னா காஞ்ச எடம்னு அர்த்தம் இல்ல.

விக்கணும்னு நெனச்சா தராசு வச்சிருக்குறவன்ட்ட மொதல்ல போகாதீங்க. கேஸ்ல வெள்ளி ஒரு ஐம்பது அறுபது கிராம் இருந்தாலே அதிகம், அந்த வெலைக்கு குடுத்தா மெஷின பிச்சு ஓரமா போட்டுட்டு கேஸ உருக்கிடுவாங்க, முடிஞ்சுது. ஆன்லைன்ல வெளிநாட்டுக்காரன் கேக்குறான்னு கூரியர்ல அனுப்பவும் கூடாது. 1972ஆம் வருஷத்து தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷத்துக்கு மேல பழசான பொருள் தொல்பொருள் கணக்குல வரலாம், அத தனி ஆளு ஏத்துமதி பண்ண முடியாது. 1916 கேஸெல்லாம் இப்ப நூற தாண்டியாச்சு. வயசு சந்தேகம்னா தொல்லியல் துறைட்ட காட்டி இது தொல்பொருள் இல்லன்னு சான்று வாங்கின பெறவு பாக்கணும்.

ஆள தேடுறதுக்கு வாட்ச் மட்டும் போதாது. மெடல் இருந்தா அதோட விளிம்ப லென்ஸ்ல பாருங்க, மொத உலகப்போர் வெள்ளி மெடல்ல விளிம்புலயே நம்பர், பதவி, பேரு, படை எல்லாம் பொறிச்சிருக்கும், வாட்ச்ல அழிஞ்சது மெடல்ல கெடைக்கும். எங்க வீட்டு மெடல் என்ன ஆச்சுன்னு கேக்காதீங்க, அது கொலுசா மாறி ரெண்டு தலைமுறை ஆச்சாம். சாப்பர்ஸ்னா பெங்களூர் சென்டர், மெட்ராஸ் ரெஜிமெண்ட்னா நீலகிரில வெலிங்டன், திருவிதாங்கூர் படைல இருந்தவங்கன்னா திருவனந்தபுரத்துல கேரள ஆவணக்காப்பகம். சண்டைல செத்தவங்கன்னா காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தோட இணையத்துல பேர போட்டு தேடலாம், பேர நாலஞ்சு ஸ்பெல்லிங்ல போட்டுப் பாருங்க, வெள்ளக்கார கிளார்க் காதுல எப்படி விழுந்துச்சோ அப்படித்தான் எழுதியிருப்பான். சபைக்காரங்கன்னா கோவில் ஞானஸ்நான ரிஜிஸ்டர்ல அப்பாக்க தொழில்னு ஒரு கட்டம் இருக்கும், எங்களுக்கு அதுலதான் மாட்டுச்சு, பாட்டாக்க தம்பிக்க ஞானஸ்நானத்துல, ‘பட்டாளம்’னு ஒரே வார்த்தை.

இப்ப வாட்ச் எங்கிட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பால இருக்கு. உள்ள ஒரு துண்டு பேப்பர்ல பென்சில்ல எழுதி வச்சிருக்கேன், கேஸ் 1916 பர்மிங்காம், செதுக்கினது 1094 மேடம், சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ், பூட்டனுக்கது, மேல்வரி அழிஞ்சது என்னால. அதுக்கு கீழ பெரிய மாமா பேனாவ எடுத்து ‘பர்மா?’ன்னு எழுதி வச்சிருக்காரு, அதையும் நான் அழிக்கல.